எனக்கு ஸ்கேனர், பாட்டிக்கு மாவு

போன செமஸ்டர் விடுமுறைக்கு லூமுட் வீட்டுக்குப் போயிருந்தபோது பாட்டி என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாளும், "நீ சாப்பிடும்மா, நான் அப்புறமா சாப்பிடுறேன்" என்றார். மூன்றாம் நாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சோற்றை ரசத்தில் கூழாகப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பல் செட்டு பக்கத்தில் ஒரு மங்கில், தண்ணீருக்குள் கிடந்தது.

மங்கு என்றால் இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பால் மரத்தில் கட்டிவிடும் கிண்ணம் அது. பாட்டி 30 ஆண்டுகளுக்கு மேல் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தைக் காலி செய்து நாங்கள் லூமுட்டுக்கு வந்தபோது எடுத்து வந்த சாமான்களில் இரண்டு மங்குகளும் இருந்தன. ஒன்றில் ஊசி நூல் இருக்கிறது. இன்னொன்றில் பாட்டியின் பற்கள்.

நான் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊரில் எல்லாரிடமும், "எங்க பேத்தி பல் டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லும் பாட்டி, பேத்தியின் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்தப் பல் செட்டின் கதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கே வந்து செய்து கொடுத்த ஒருவரின் வேலை அது. ஒரே நாளில் அச்செடுத்தார், அடுத்த வாரம் கொண்டு வந்து மாட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மேல் செட்டு ஓரளவு நின்றது. கீழ் செட்டு பேசினால் மிதக்கும், சிரித்தால் எழும்பும். பல் மருத்துவராகப் பதிவு செய்யாதவர் இப்படிச் செய்வது நம் நாட்டில் குற்றம். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் கிளினிக்கில் கேட்கும் விலையைவிட மலிவாக, வாசலுக்கே வருகிறார் என்றால் நம் பாட்டிகள் சட்டத்தைப் பார்ப்பதில்லை.

மறுவாரமே ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எனக்கு ஏற்கெனவே பழக்கமான இடம். முந்தைய ஆண்டு உடைந்த என் கடைவாய்ப் பல்லுக்கு அங்கேதான் கிரவுன் எனும் உறை போட்டார்கள். டாக்டர் ஒரு தடித்த பேனா போன்ற கருவியை வாய்க்குள் விட்டு மெதுவாக நகர்த்தினார். திரையில் என் பற்கள் ஒவ்வொன்றாக முப்பரிமாணத்தில் முளைத்தன. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. வாயில் மாவு இல்லை, குமட்டல் இல்லை. இதை நம்பித்தான் பாட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்: "கேமரா மாதிரி ஒண்ணு பாட்டி. சும்மா வாயைத் திறந்தா போதும்." முதல் செட்டுக்கு அச்செடுத்தபோது மாவு தொண்டைக்குள் இறங்கி, மூச்சு முட்டியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் மலாய்ப் பெண்மணி. பாட்டியின் வாயில் வெறும் விரலை விட்டு, ஈறு மேட்டை இங்கேயும் அங்கேயும் அழுத்திப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். கன்னத்தை இழுத்துப் பார்த்தார். ஸ்கேனர் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடாமல், தாதியிடம் அல்ஜினேட் மாவும் அச்செடுக்கும் தட்டும் கேட்டார்.

பாட்டி என்னைப் பார்த்தார். "கேமரான்னு சொன்னியே?"

உண்மையைச் சொல்கிறேன், என் மனத்தில் முதலில் எழுந்தது சந்தேகம்தான். வயதான இந்தியப் பாட்டிக்கு மாவு போதும் என்று நினைத்துவிட்டாரோ? விலை உயர்ந்த கருவி பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தானோ? மாவு கலக்கும் நேரத்தில் கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. "அச்சு முடியட்டும். பாட்டி சம்மதித்தால் நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள்" என்றார்.

தாதி தண்ணீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார். அல்ஜினேட் வெந்நீரில் வேகமாக இறுகும், குளிர்ந்த நீரில் நிதானமாக இறுகும். நம் நாட்டு வெயிலில் குழாய்த் தண்ணீரை நம்பினால் தட்டு வாய்க்குப் போகுமுன்பே கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒருவர் வாயில் ஒருவர் அச்செடுத்துப் பழகிய நாளில், என் முதல் கலவை கரண்டியோடு ஒட்டிக்கொண்டு கல்லாக வந்தது. இரண்டாவது நீர்த்துப்போய்த் தோழியின் தொண்டைக்கு ஓடியது. மூன்றாவதில் ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழி. தோழி இன்றும் என்னோடு பேசுகிறாள் என்பதே பெரிய விஷயம்.

இறுகிக்கொண்டிருந்த மாவின் மிச்சத்தைக் கிண்ணத்தில் பார்த்த பாட்டி, வாயில் தட்டு இருந்ததால் பேச முடியாமல் கையைக் காட்டினார். தட்டை எடுத்த பிறகுதான் என்ன சொல்ல வந்தார் என்று புரிந்தது. "ஆசிட் ஊத்தின பால் உறையிற மாதிரியே இருக்கு." ஸ்டோரில் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பதை ஆயிரம் முறை பார்த்தவர். அவர் சொன்னது வேதியியல்படி அப்படியே பொருந்தாது. பாலில் ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இங்கே கால்சியம் வந்து அல்ஜினேட் இழைகளைக் கோத்துக் கட்டுகிறது. ஆனால் நீர்மமாக இருந்த ஒன்று, ஊற்றிய இடத்தின் வடிவத்திலேயே நின்றுவிடுகிறது என்பதைப் பாட்டி சரியாகப் பிடித்துவிட்டார்.

பிறகு டாக்டர் ஸ்கேனரை என் கையில் கொடுத்தார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். அது ஒரே படமாக வாயை எடுப்பதில்லை. ஒளியைப் பாய்ச்சி, நொடிக்குப் பல சிறு படங்களை எடுத்து, ஒரு படத்தின் ஓரத்தை அடுத்த படத்தின் ஓரத்தோடு பொருத்தித் தைக்கிறது. தைப்பதற்கு அடையாளம் வேண்டும். பல்லில் அடையாளத்துக்குக் குறைவில்லை: மேடு, பள்ளம், கூர், இடைவெளி. அதனால்தான் என் கடைவாய்ப் பல் அவ்வளவு எளிதாகத் திரையில் வந்தது. பல்லே இல்லாத வாயில் இருப்பது ஈரமான, வழவழப்பான, ஒரே மாதிரியான இளஞ்சிவப்புத் தோல். அதிலும் அந்தத் தோல் அசைகிறது. முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் இடையில் கன்னம் நகர்ந்திருக்கும்.

மேல் அண்ணத்தில் கொஞ்சம் தூரம் போனேன். முன்பக்கம் இருக்கும் வரி மடிப்புகள் உதவின. அவற்றைத் தாண்டியதும் கருவி பீப் அடித்து நின்றது, இடம் தவறிவிட்டதாம். திரும்பவும் தொடங்கினேன். கீழே போனால் நிலைமை மோசம். நாக்கு ஒரு பக்கம் ஏறுகிறது, கன்னம் மறுபக்கம் சரிகிறது, நடுவில் ஈறு மேடு ஒரு நூல் அளவுக்குத்தான் தெரிகிறது. இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தால் ஸ்கேனரை யார் பிடிப்பது? பாட்டி பாவம், பொறுத்துக்கொண்டார். திரையில் வந்தது ஓட்டை விழுந்த பாய் போல இருந்தது.

"கை பழகினால் இதைவிட நன்றாக வரும், நானே எடுத்துவிடுவேன்" என்றார் டாக்டர். "ஆனால் வந்தாலும் எனக்கு வேண்டியது அதில் இருக்காது."

அவர் சொன்னதன் பொருள் இரண்டாவது சந்திப்பில்தான் முழுமையாக விளங்கியது. பல் செட்டு உட்காரும் இடம் சிலை அல்ல. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் உதடு இழுக்கிறது, கன்னத் தசை தள்ளுகிறது, நாக்கின் அடியில் இருக்கும் தரை மேலே எழுகிறது. செட்டின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் தசை அதைத் தூக்கி எறிகிறது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் காற்று புகுந்து உறிஞ்சும் பிடி போய்விடுகிறது. ஸ்கேனர் பார்ப்பது யாரோ கன்னத்தை விலக்கிப் பிடித்திருக்கும் வாயை. பாட்டி சாப்பிடப்போவது அந்த வாயால் அல்ல.

முதல் அச்சிலிருந்து வார்த்த சிலாக்கல் மாதிரியின் மேல், பாட்டியின் வாய்க்கு மட்டுமே பொருந்தும் ஒரு தட்டை ஈப்போவில் உள்ள ஆய்வகம் செய்து அனுப்பியிருந்தது. டாக்டர் ஒரு பச்சை நிறக் குச்சியைச் சுடரில் காட்டி இளக்கி, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை முக்கி, வாயில் வைத்தார். பிறகு பாட்டிக்கு உத்தரவுகள். உதட்டைக் குவி. சிரி. நாக்கை நீட்டு, இடப்பக்கம், வலப்பக்கம். விழுங்கு. இளகிய மெழுகின் மேல் பாட்டியின் தசைகளே எல்லை போட்டன. அண்ணத்தின் பின்கோடு எங்கே அசையத் தொடங்குகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் டாக்டர் தமிழில் பேசினார்: "பாட்டி, ஆ சொல்லுங்க." எந்த மொழியிலும் அது "ஆ" தான் என்றாலும், பாட்டிக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. தேவைக்கு மேலேயே நான்கைந்து "ஆ" சொன்னார்.

ஏறக்குறைய அரை மணி நேரம் இப்படியே, ஓரம் ஓரமாக. கடைசியில் தட்டு முழுவதும் மெல்லிய பசையைத் தடவி இறுதி அச்சு எடுத்தார்கள். டாக்டர் அதை வெளியே எடுக்க முயன்றபோது அது வர மறுத்தது. "ப்ளுக்" என்று ஒரு சத்தத்தோடுதான் பிரிந்தது. டாக்டர் சிரித்தார். மேல் செட்டு நிற்கும் என்பதற்கு அந்தச் சத்தமே உத்தரவாதமாம்.

கீழ் செட்டுக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. பல்லைப் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. தால்கிரென் என்பவர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, பல் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகம் கரைந்திருந்தது. பாட்டிக்கு இருக்கும் மிச்சம் ஒரு மெல்லிய வரப்பு. அந்த வரப்பின் மேல் எதையாவது நிறுத்த வேண்டுமானால் அச்சில் ஓட்டை விழக்கூடாது.

விடுமுறையில் எனக்கு வேறு வேலை இல்லை. இந்த அச்சுப் பொருள்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தது நம் ஊருக்கே திரும்பி வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பல்லுக்கு அச்செடுக்கப் பெரும்பாலும் ஜிப்சமும் மெழுகும்தான். ஜிப்சம் இறுகினால் வளையாது, வாய்க்குள்ளேயே உடைத்து எடுத்து, துண்டுகளை வெளியே ஒட்டுவார்கள். வளைந்து கொடுக்கும் முதல் அச்சுப் பொருளை 1925-இல் வியன்னாவைச் சேர்ந்த அல்போன்ஸ் போலர் காப்புரிமை பெற்றார். அது என்ன தெரியுமா? அகார் அகார். பெருநாளுக்கு நாம் தின்னும் அதே அகார் அகார். உலகம் முழுவதும் ஆய்வகங்களில் சொல்லும் "அகார்" என்ற பெயரே மலாய் மொழியிலிருந்து போனதுதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அகாரின் முக்கிய விற்பனையாளரான ஜப்பானிடமிருந்து வரத்து நின்றது. மாற்றுத் தேடியவர்களுக்குக் கை கொடுத்தது இன்னொரு கடற்பாசி. பழுப்புக் கடற்பாசியிலிருந்து அல்ஜின் எனும் பொருளை 1880-களிலேயே பிரித்தெடுத்திருந்தார் ஸ்டான்ஃபோர்ட் எனும் பிரிட்டிஷ் வேதியியலாளர். அதிலிருந்து பிறந்ததே பாட்டியின் வாய்க்குப் போன அல்ஜினேட்.

இன்னொன்று. வேர் சிகிச்சை செய்தவர்களின் பல்லுக்குள் இன்றும் நிரப்பப்படுவது கட்டாபெர்ச்சா எனும் பொருள். அந்தப் பெயரும் மலாய்தான், "கெத்தா பெர்ச்சா". நம் காடுகளில் வளர்ந்த தபான் மரத்தின் பால். 1843-இல் வில்லியம் மாண்ட்கோமரி அதை லண்டனுக்கு அறிமுகம் செய்தார். 1851-இல் டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போட்டபோது உறையாகப் பூசியது அதைத்தான். 1840-களின் இறுதியில் அதையே இளக்கிப் பல் அச்சும் எடுத்திருக்கிறார்கள்.

பாட்டிக்கு நான் படித்துக் காட்டியதில் அவருக்குப் பிடித்தது வேறு. 1850-கள் தொடங்கி 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வரும்வரை, உலகம் முழுக்க பல் செட்டின் அடிப்பகுதியை ரப்பரில்தான் செய்தார்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய ரப்பர், வல்கனைட் என்று பெயர். பேராக்கில் முதல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டது 1877-இல். பிறகு இந்த நாடு முழுக்க ரப்பர் ஆனது. "அப்போ நாங்க வெட்டுன பாலு வெள்ளக்காரன் வாயிக்குள்ளேயும் போயிருக்கும்" என்றார் பாட்டி. அவர் உளி பிடித்த காலத்தில் வல்கனைட் போய்விட்டது என்று நான் திருத்தவில்லை. அவருடைய அம்மாவும் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர்தானே.

இவ்வளவு சொன்னதால் நான் ஸ்கேனருக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என் பல் உறை அச்சுப் பிசகாமல் பொருந்தியிருக்கிறது. ஒரு பல்லுக்கோ, சிறிய பாலத்துக்கோ ஸ்கேன் அச்சுக்குச் சமமாக நிற்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தாடை முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுக்கும்போதுதான் ஒவ்வொரு தையலிலும் விழும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகிறது. குமட்டல் தாங்காதவர்களுக்கும், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளுக்கும் ஸ்கேன் பெரிய வரம். பச்சிளம் குழந்தையின் வாயில் மாவை அடைத்தால் மூச்சுக்கே ஆபத்து. தூரமும் இருக்கிறது. லூமுட்டிலிருந்து ஈப்போ 80 கிலோமீட்டருக்கு மேல். ஸ்கேன் கோப்பு நொடியில் போய்விடும். அல்ஜினேட் அச்சோ காற்றில் வைத்தால் நீர் வற்றிச் சுருங்கும், நீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். சில நிமிடங்களுக்குள் சிலாக்கல் ஊற்றியாக வேண்டும். பாட்டியின் முதல் அச்சுக்கு ஈரத் துணி சுற்றி, பின்னறைக்கு ஓடிப்போய் ஊற்றினார் தாதி. அதன் பிறகு கல் மாதிரிதான் ஈப்போவுக்குப் பயணம் போனது.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் வேடிக்கை. கையால் எடுத்த இறுதி அச்சின் மாதிரியை ஆய்வகத்தில் வைத்து ஸ்கேன் செய்து, கணினியில் பற்களை அடுக்கினார்களாம். பாட்டியின் வாயை மாவும் பசையும் பார்த்தன. அவை பார்த்ததை ஸ்கேனர் பார்த்தது.

முதல் கருவி வந்து எத்தனை ஆண்டு ஆகிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒளியால் அச்செடுக்கலாம் என்று பிரான்சின் பிரான்சுவா டுரே 1973-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். 1985-இல் சூரிக்கில் வெர்னர் மோர்மன் குழு, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே ஸ்கேன் செய்து பீங்கான் துண்டைக் கடைந்து பல்லில் வைத்தது. இதுவே 40 ஆண்டுக் கதை. எங்கள் வகுப்பில் சிலர், இனி மாவு கலக்கக் கற்பது நேர விரயம் என்கிறார்கள். நானும் அந்தக் கட்சியில் இருந்தேன். பாட்டியின் கீழ்த்தாடையில் ஸ்கேனர் பீப் அடித்த நாளோடு விலகிவிட்டேன். கை ஒன்று தெரிந்திருந்து, கருவியைத் தேர்ந்தெடுப்பது வேறு. கை தெரியாததால் கருவியை மட்டும் நம்புவது வேறு. அந்த டாக்டருக்கு இரண்டும் தெரியும், அதனால்தான் ஸ்கேனரைத் தொடாமல் வைக்க முடிந்தது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் பல் டாக்டரை மட்டும் நினைக்கிறார்கள். ஆய்வகத்தில் பல் செட்டு செய்பவர் பல் தொழில்நுட்பவியலாளர். மெழுகும் தெரிய வேண்டும், கணினி வரைவும் தெரிய வேண்டும் என்ற நிலைக்கு அந்தத் தொழில் இப்போது வந்திருக்கிறது. ஓவியக் கை உள்ளவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

மொத்தம் ஐந்து முறை ஸ்ரீ மஞ்சோங் போய் வந்தோம். மெழுகுக் கட்டையில் கடிக்க வைத்து உயரம் பார்த்தார்கள். மெழுகில் பதித்த பற்களை மாட்டி, கண்ணாடியைக் கொடுத்தார்கள். பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, பல் ரொம்ப வெள்ளையாக இருக்கிறது, என் வயதுக்குக் கொஞ்சம் பழுப்பாக இருந்தால்தான் நம்புவார்கள் என்றார். நிறத்தை மாற்றினார்கள்.

புது செட்டு வந்து மூன்றாம் நாள் கீழ் ஈற்றில் புண். பாட்டி அதைக் கழற்றி மங்கில் போட்டுவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. இது வழக்கமாக நடப்பதுதான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், புத்தகத்தில் படிப்பது வேறு. டாக்டர் புண் இருந்த இடத்தில் மை தடவி, செட்டில் பதிந்த புள்ளியை மட்டும் தேய்த்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு இடம். அதையும் தேய்த்தார். கீழ் செட்டு இன்னும் கல் போல நிற்கவில்லை. முறுக்கை நேராகக் கடிக்க முடியாது, உடைத்துக் கடைவாயில் வைத்துக்கொள்கிறார். ஆப்பிளை நான் நறுக்கித் தர வேண்டும்.

விடுமுறை முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பசியாற உட்கார்ந்தோம். பாட்டி தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். வாயில் தோசையை வைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டு அத்தைக்கும் கீழ் செட்டு நிற்கவில்லையாம், அந்த "ப்ளுக்" டாக்டர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று கேட்டார்.